சிவப்பு யாருக்குப் போகிறது?

ஜெனீவா,
03.02.2025

அன்புத் தங்கச்சி தர்சிக்கு,

இங்கே நாங்கள் நால்வரும் சுகம், குளிர்தான் உயிரை எடுக்கிறது. அம்மாவின் முழங்கால் எப்படி? நான் அனுப்பிய தைலத்தைப் பூசுகிறாவா, இல்லை வழக்கம்போல அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாவா? உன் மனுசன் ஜெயரூபனின் புகையிலைக் கன்றுகள் இந்த முறை நன்றாக வந்திருப்பதாக அம்மா சொன்னா. கேட்கச் சந்தோஷமாக இருந்தது.

போனில் கதைத்தால் அம்மா பக்கத்தில் நின்று ஒவ்வொரு சொல்லுக்கும் விளக்கம் கேட்பா, நீ பொறுமை இழந்து வைத்துவிடுவாய். அதனால்தான் ஈமெயிலில் எழுதுகிறேன். ஆறுதலாக வாசி.

அங்கே என்னதான் வேலை செய்கிறீர்கள் என்று நீ கேட்டுக்கொண்டே இருக்கிறாய். சொல்கிறேன். எந்த ஊரில் மழை குறைகிறது என்று வானத்தில் சுற்றும் செய்மதிக்குத் தெரியும். எந்தக் கிணறு உப்பாகிறது என்று ஆராய்ச்சிக்காரருக்குத் தெரியும். எங்கே தண்ணீருக்காக ஆட்கள் அடிபடுகிறார்கள் என்று பாதுகாப்புத் துறைக்குத் தெரியும். மூன்றும் மூன்று இடத்தில் தூங்குகின்றன. கிணறு உப்பேறிச் சவராகப் போகிறது என்று பத்து வருடத்துக்கு முன்பே அறிக்கை எழுதினவர்கள் இருக்கிறார்கள், ஒரு பவுசர் லொறியில் தண்ணீர் அனுப்பினவர் ஒருவரும் இல்லை. அதை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

எங்கள் குழு செய்யும் கருவியின் பெயர் ‘விழிப்பு’. திரையை வடிவமைத்தது நான். ஊரிலிருந்து ஒருவர் கைப்பேசியில் கிணற்றின் நிலையையும் அங்கே நடக்கும் தண்ணீர்ச் சண்டைகளையும் பதிய வேண்டும். அதை மழைக் கணக்கோடு சேர்த்து ஊருக்கு ஒரு நிறம் வரும். மஞ்சள் என்றால் தண்ணீர் அனுப்பும் அலுவலகத்துக்குச் செய்தி போகும். சிவப்பு என்றால் மேலிடத்துக்குப் போகும். அறிக்கை எழுதும் வேலையே கிடையாது, நேரே காரியம்.

சண்டிலிப்பாயில் எங்கள் ஒழுங்கையில் இருக்கிற வீடுகளுக்கெல்லாம் நீதான் பதிகிற ஆளாக இருக்க வேண்டும். ஜெயரூபனையும் கேட்டுவிட்டு எழுது.

அன்புடன் அக்கா,
ஆரபி


சண்டிலிப்பாய்,
24.02.2025

அன்பின் அக்காவுக்கு,

அத்தானும் பிள்ளைகளும் நீங்களும் நலமாயிருக்க வேண்டும். நாங்கள் இங்கே குறையில்லாமல் இருக்கிறோம். அம்மாவின் முழங்கால் கோயிலுக்குப் போகும்போது நன்றாக நடக்கிறது, பாயைச் சுருட்டச் சொன்னால்தான் நோகிறது. தைலம் அலுமாரியில் பத்திரமாக இருக்கிறது.

நான் செய்கிறேன். நான் படிப்பிக்கிற முன்பள்ளி மத்தியானத்தோடு முடிந்துவிடும், பிறகு எனக்கு நேரம்தானே. உங்கள் ஆட்கள் வந்து பேனை மாதிரி ஒரு மீற்றரைத் தந்து, கிணற்று உப்பை அளக்கப் பழக்கிவிட்டுப் போனார்கள். திரை வடிவாக இருக்கிறது அக்கா. சின்ன வயதில் நீங்கள் சுவரில் கீறி அப்பாவிடம் அடி வாங்கிய நிறங்கள் எல்லாம் அதில் இருக்கின்றன.

எங்கள் நல்லதண்ணிக் கிணறு சவராகி இரண்டு கோடை போய்விட்டது. அம்மா தேத்தண்ணியைக் குடித்துவிட்டு முகத்தைச் சுளிக்கிறா. முன்பள்ளிப் பிள்ளைகள் போத்தலில் கொண்டுவரும் தண்ணீரை வாயில் வைத்துவிட்டுத் துப்புகிறார்கள். ஆகவே உங்கள் கருவி எனக்கு விளையாட்டில்லை. அது வேலை செய்தால் ஊரே உங்களைக் கும்பிடும்.

ஒரு சந்தேகம். சண்டை என்று பதியப் போனால் ‘முன்னின்றவர் பெயர்’ என்று ஒரு பெட்டி வருகிறது. அதை நிரப்பாவிட்டால் அடுத்த பக்கம் திறக்கவில்லை. அது ஏன்? சிவப்பு வந்தால் மேலிடத்துக்குப் போகும் என்றீர்களே, மேலிடம் என்றால் யார்? இவர்தான் கேட்டு எழுதச் சொன்னார். யுத்தம் முடிந்து இராணுவத்தின் தடுப்பு முகாமில் இருந்துவிட்டு வந்தவர் இவர் என்பது உங்களுக்குத் தெரியும். பெயர் எழுதுகிற எதைக் கண்டாலும் இவர் எழும்பித் தோட்டத்துக்குப் போய்விடுவார்.

அன்புத் தங்கை,
தர்சி


ஜெனீவா,
10.03.2025

அன்புத் தர்சிக்கு,

உன் கடிதம் கண்டு சந்தோஷம். இங்கே சின்னவனுக்குக் காய்ச்சல் வந்து இப்போதுதான் சுகமானது. அம்மாவை ஒருமுறை எக்ஸ்ரே எடுக்கக் கூட்டிக்கொண்டு போ, செலவை நான் அனுப்புகிறேன்.

திரை பிடித்திருக்கிறது என்று எழுதியிருந்தாய். அந்த நிறங்களுக்காக நான் பட்ட பாடு உனக்குத் தெரியாது. வெயிலில் நின்று பார்த்தாலும் தெரிய வேண்டும், நிறம் பிரித்தறிய முடியாதவர்களுக்கும் தெரிய வேண்டும் என்று ஆறு மாதம் மண்டையை உடைத்தோம்.

பெயர்ப் பெட்டி கட்டாயம்தான், அதை என்னால் மாற்ற முடியாது. அதைப் பற்றி யோசித்துக் குழம்பாமல் ஏதாவது ஒரு பெயரைப் போட்டுவிடு. உப்பு அளவைக் கிழமைக்கு ஒருமுறை மறக்காமல் பதி, அதுதான் முக்கியம்.

சித்திரை வருடப்பிறப்புக்கு அம்மாவுக்கு ஒரு சேலை எடுத்துக் கொடு. ஜெயரூபனைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அக்கா


சண்டிலிப்பாய்,
12.05.2025

அன்பின் அக்காவுக்கு,

எல்லோரும் நலம் என்று எழுத ஆசைதான். அம்மாவுக்கு வயிற்றுக்கடுப்பு, எனக்குக் கையெல்லாம் சொறிக்கடி. தண்ணீர்தான் காரணம் என்று மருந்தகத்தில் சொன்னார்கள். சின்னவனுக்கு இப்போது சுகம்தானே?

வெயில் தொடங்கியதிலிருந்து நீங்கள் சொன்னபடி உப்பு அளவைப் பதிந்து வந்தேன். ஒவ்வொரு முறையும் கூடிக்கொண்டே போனது, ஒவ்வொரு முறையும் ‘நன்றி’ என்று ஒரு பச்சை இலை வந்து ஆடியது. வேறொன்றும் வரவில்லை. கிணற்றுத் தண்ணீரில் சோறு வேகவில்லை என்றும் எழுதினேன், அதற்கும் இலைதான். மற்றவர்கள் அறிக்கை எழுதுகிறார்கள் என்று உங்களுக்குக் கோபம் வந்ததே, நீங்கள் இலை அனுப்புகிறீர்கள்.

போன கிழமை தோட்டக்காரர் முறை வைத்து இறைக்கிற எங்கள் பங்குக் கிணற்றடியில் வழமையான கூத்து நடந்தது. பக்கத்து வீட்டு ஏரம்பண்ணை தன் முறை முடிந்த பிறகும் மெசினை நிற்பாட்டாமல் இறைத்துக்கொண்டிருந்தார். அடுத்த முறைக்காரி கனகாம்பிகை அக்கா மண்வெட்டியோடு வந்து வாய்க்காலை வெட்டித் தன் தோட்டத்துக்குத் திருப்பிவிட்டா. பிறகு இருவரும் மூன்று தலைமுறையையும் இழுத்துக் கத்தினார்கள். பின்னேரம் ஏரம்பண்ணையின் கத்தரிக்காயைக் கனகாம்பிகை அக்காதான் தன் சைக்கிளில் சந்தைக்குக் கொண்டுபோனா. பங்குக் கிணறு என்றால் அப்படித்தான், உங்களுக்குத் தெரியாததா.

சண்டையையும் பதியச் சொன்னீர்களே என்று நான் அதைப் பதிந்தேன். பெட்டி பெயர் கேட்டது. அடுத்த வீட்டு மனிதரின் பெயரை எழுதக் கை வரவில்லை. இவரின் பெயரைப் போட்டேன். மறுநாள் காலையில் பவுசர் வந்து சந்தியில் இருக்கிற தண்ணீர்த் தாங்கியை நிரப்பிவிட்டுப் போனது! ஒழுங்கை முழுக்கக் குடத்தோடு நின்றது. அம்மா அந்தத் தண்ணீரில் போட்ட தேத்தண்ணியைக் முகம் சுளிக்காமல் குடித்துவிட்டு இன்னொரு கோப்பை கேட்டா.

கிணறு உப்பானால் வராத தண்ணீர், மனிதர் அடிபட்டால் வருகிறது. இது என்ன நியாயம் அக்கா? மேலிடம் யார் என்று கேட்டதற்கும் நீங்கள் பதில் எழுதவில்லை.

அன்புத் தங்கை,
தர்சி


ஜெனீவா,
15.05.2025

என் தங்கத்துக்கு,

உன் கடிதத்தை வாசித்துவிட்டு அலுவலகத்தில் எழுந்து நின்று எல்லோருக்கும் சொன்னேன். பதிவு போய் மறுநாளே பவுசர்! இந்த மூன்று வருடத்தில் வேறு எந்த நாட்டிலும் எங்களுக்கு இப்படி நடந்ததில்லை. அடுத்த வாரம் இங்கே ஒரு பெரிய மாநாடு, அதில் நான் பேசப் போகிறேன். எங்கள் கிணற்றின் படம் ஒன்று அனுப்பு, நல்ல வெளிச்சத்தில் எடு.

உப்புக்கு ஏன் உடனே வரவில்லை என்று கேட்டாய். உப்பு மெல்ல ஏறுவது, அதற்குப் புள்ளி குறைவு. மோதல் என்றால் புள்ளி கூட. பணம் தருகிறவர்கள் பாதுகாப்பைத்தான் பார்க்கிறார்கள், தண்ணீரைப் பார்ப்பதில்லை. எரிச்சல்தான், ஆனால் காரியம் நடக்கிறதே. நீ தொடர்ந்து பதி.

அம்மாவுக்கு வயிற்றுக்கடுப்பு மாறியதா? ஆவணி விடுமுறைக்குப் பிள்ளைகளோடு வருகிறோம் என்று அவவிடம் சொல்லிவிடு. தைலத்தை அலுமாரியிலிருந்து எடுத்து வைக்கச் சொல்.

முத்தங்களுடன்,
அக்கா


சண்டிலிப்பாய்,
22.06.2025

அன்பின் அக்காவுக்கு,

நீங்கள் வருவதைக் கேட்டதிலிருந்து அம்மாவுக்கு நோய் நொடி ஒன்றுமில்லை. யன்னல் சீலை எல்லாம் தோய்த்தாயிற்று. பேரப்பிள்ளைகளுக்குச் சவர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளாது என்று இப்போதே கவலைப்படுகிறா. எனக்கும் கை ஆறிவிட்டது.

இங்கே நடக்கும் கூத்தைக் கேளுங்கள். சண்டை பிடித்தால் பவுசர் வரும் என்று ஒழுங்கை முழுக்கத் தெரிந்துவிட்டது. நான் சொல்லவில்லை, கனகாம்பிகை அக்காதான் சொன்னா. இப்போது தாங்கி வற்றினால் எங்கள் வாசல் படலையில் ஆள் வந்து நிற்கிறது. போன வெள்ளி ஏரம்பண்ணை வந்து, “பிள்ளை, நானும் கனகாம்பிகையும் இண்டைக்கு ஒரு சண்டை பிடிச்சிருக்கிறம், உந்தப் போன் அப்பிலை ஒருக்கால் போட்டுவிடு” என்றார். எதற்குச் சண்டை என்று கேட்டால், அதை நீயே பார்த்துப் போடு பிள்ளை என்கிறார். நாங்கள் இங்கே தண்ணீருக்காகச் சண்டை சமைக்கிறோம் அக்கா, உப்பு மட்டும் கிணற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறோம்.

முதலில் எனக்கு மனம் கேட்கவில்லை. உண்மையை எழுதினால் இலை ஆடுகிறது, பொய்யை எழுதினால் தண்ணீர் வருகிறது. முன்பள்ளிப் பிள்ளைகள் இப்போது தண்ணீரைத் துப்பாமல் குடிக்கிறார்கள். அதைப் பார்த்த பிறகு மனம் கேட்டுவிட்டது.

பெயர்ப் பெட்டியில் எல்லாவற்றுக்கும் இவரின் பெயர்தான். “என்ரை பேரையே போடு, ஊராற்றை பேரைப் போட்டிட்டு நாளைக்கு அதுகளின்ரை முகத்திலை முழிக்கேலாது” என்று இவரே சொன்னார். அதுதான் உங்களிடம் மூன்றாம் தரம் கேட்கிறேன். ஊர் இப்போது செம்மஞ்சளாகிவிட்டது, சிவப்பாக அதிக நாள் இல்லை. சிவப்பு யாருக்குப் போகிறது?

அன்புத் தங்கை,
தர்சி


சண்டிலிப்பாய்,
09.07.2025

அக்காவுக்கு,

எல்லோரும் நலமா என்று கேட்டுக்கொண்டிருக்க நேரமில்லை. உங்களிடமிருந்து பதிலும் இல்லை.

நேற்று ஊர் சிவப்பானது. பவுசர் வரவில்லை, ஜீப் வந்தது. சிவில் உடுப்பில் இருவர் கிராம அலுவலர் விதானையாரையும் கூட்டிக்கொண்டு வந்து, ஜெயரூபன் வீடு எது என்று கேட்டிருக்கிறார்கள். இவர் தோட்டத்தில் நின்றார். படலையில் நின்று என்னிடம் சில கேள்விகள் கேட்டுவிட்டுப் போனார்கள். திரும்ப வருவார்களாம். அம்மாவிடம் உரமானியம் பதிய வந்தவர்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

உடனே எழுதுங்கள்.

தர்சி


ஜெனீவா,
10.07.2025

தர்சி,

பயப்படாதே. இனி ஒன்றும் பதியாதே, செயலியைத் தொடாதே. நான் உள்ளே விசாரிக்கிறேன்.

இன்னொன்று. யார் கேட்டாலும் என் பெயரைச் சொல்லாதே. இங்கே எனக்கு வேலையில் சிக்கல் வரும், பிறகு உங்களுக்கு உதவ ஆளில்லாமல் போய்விடும். நான் எழுதும்வரை பொறு.

அம்மாவைக் கவனமாகப் பார்த்துக்கொள்.

அக்கா


சண்டிலிப்பாய்,
28.07.2025

அக்காவுக்கு,

பொறுத்தேன். இவரைக் கூப்பிட்டு உள்ளே வைத்துவிட்டார்கள்.

விசாரணைக்கு வரச் சொன்னார்கள், போனார், அன்றிரவு வரவில்லை. மறுநாள் பின்னேரம் விட்டார்கள். கைப்பேசி அவர்களிடம். இனிக் கிழமைக்கு ஒருமுறை போய்க் கையெழுத்து வைக்க வேண்டும், மாவட்டத்தை விட்டு வெளியே போகக் கூடாது, விசாரணை முடியவில்லை. மறுபடி தடுப்பில் வைப்பதா இல்லையா என்பதை அடுத்த மாதம் முடிவு செய்வார்களாம். வீட்டுக்கு வந்த இவர் இரண்டு நாளாகக் கிணற்றடிக்கே போகவில்லை. சாப்பாட்டைப் போட்டுக் கொடுத்தால் தட்டைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார். பதினைந்து வருடத்துக்கு முன்பு தடுப்பிலிருந்து வந்தபோதும் இப்படித்தான் இருந்தாராம், மாமி சொல்லுவா. நான் அதை அப்போது காணவில்லை. இப்போது காண்கிறேன்.

அவர்களிடம் எங்கள் ஒழுங்கையின் படம் இருந்ததாம். உங்கள் நிறங்கள்தான், வெயிலிலும் தெரிகிற உங்கள் சிவப்பு. ஒவ்வொரு சண்டைக்கும் ஒரு புள்ளி, ஒவ்வொரு புள்ளிக்கும் பக்கத்தில் இவரின் பெயர். ஊரைத் திரட்டுகிற ஆள் இவர்தானாம். யார் பின்னால் நிற்கிறது, வெளிநாட்டிலிருந்து யார் தொடர்பு என்று இரவு முழுக்கக் கேட்டிருக்கிறார்கள்.

மூன்று கடிதத்தில் நான் கேட்டேன். மேலிடம் யார் என்று கேட்டேன். அம்மாவின் முழங்காலைப் பற்றி எழுதினீர்கள், சேலை எடுக்கச் சொல்லி எழுதினீர்கள், கிணற்றைப் படம் எடுக்கச் சொல்லி எழுதினீர்கள். தெரியாமல் இருந்திருந்தால் தெரியாது என்று எழுதியிருப்பீர்கள். உங்களுக்குத் தெரியும். உங்கள் மச்சான் தடுப்பிலிருந்து வந்தவர் என்றும் தெரியும். தெரிந்துகொண்டு, ஏதாவது ஒரு பெயரைப் போடு என்றீர்கள். எனக்கு வருகிற ஆத்திரத்துக்கு இந்தக் கைப்பேசியைக் கிணற்றுக்குள் எறிந்துவிடுவேன், உங்களுக்கு எழுத வேறு வழி இல்லை என்பதால் வைத்திருக்கிறேன்.

ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். அவை சண்டைகளே இல்லை, தண்ணீருக்காக ஊர் செய்த வேலை, பிழை கருவியில்தான் என்று கருவியைச் செய்தவர் என்ற முறையில் உங்கள் பெயரில் ஒரு கடிதம் எழுதி அவர்களுக்கு அனுப்புங்கள். அடுத்த மாதத்துக்கு முன்பு வர வேண்டும். இவர் வவுனியாவுக்கு விதை எடுக்கப் போனதாக அன்றிரவு அம்மாவிடம் சொன்னேன். அம்மா நம்பிவிட்டா.

தர்சிகா


சண்டிலிப்பாய்,
20.08.2025

அக்காவுக்கு,

இன்னும் உங்கள் பதில் வரவில்லை. முன்பள்ளியில் ஒரு தாய் தன் கைப்பேசியில் உங்கள் நிறுவனத்தின் பக்கத்தைக் காட்டினா. நான் எடுத்து அனுப்பிய எங்கள் கிணறு பெரிதாக இருக்கிறது. பக்கத்தில் நீங்கள் மேடையில் நிற்கிறீர்கள், நல்ல சேலை. மோதலை முளையிலேயே கண்டுபிடித்த கிராமம் என்று கீழே எழுதியிருக்கிறது.

இவர் இன்று காலையிலும் கையெழுத்து வைக்கப் போயிருக்கிறார். ஏரம்பண்ணை கூடப் போனார், “சண்டை பிடிச்சது நான், உவன் ஒண்டும் செய்யேல்லை” என்று வாசலில் நின்று சொன்னாராம். அவரின் பெயரை எழுதிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். பள்ளிக்கூடம் போகாத அந்த மனிதர் தன் பெயரைச் சொன்னார். நீங்கள் எப்போது சொல்வீர்கள்?

தர்சிகா


ஜெனீவா,
02.09.2025

அன்புள்ள தர்சிக்கு,

உன் கடிதங்களை ஒவ்வொரு நாளும் வாசித்தேன். எழுத முடியாமல் இருந்தேன். உனக்கு என்மேல் கோபம் இருக்கும், இருக்கட்டும். எனக்கும் கோபம்தான், யார்மேல் என்று சொல்லத் தெரியவில்லை.

சிவப்பு பாதுகாப்புத் தரப்புக்குப் போகும் என்பது தொடக்கத்திலேயே போட்ட நிபந்தனை. அது இல்லாவிட்டால் நாட்டுக்குள் கருவியை அனுமதிக்க மாட்டோம் என்றார்கள். நான் எதிர்த்தேன். கூட்டத்தில் நான் ஒருத்திதான் எதிர்த்தேன், தோற்றுப்போனேன். எங்கள் ஊர் சிவப்பாகும் என்று கனவிலும் நினைக்கவில்லை. மஞ்சளில் நின்று தண்ணீர் எடுத்துக்கொண்டு இருப்பீர்கள் என்று நினைத்தேன். உன்னிடம் சொன்னால் நீ பதிய மாட்டாய், பதியாவிட்டால் பவுசர் வராது. இதுதான் நடந்தது.

இனிப் பயமில்லை. எங்கள் சட்டப் பிரிவு எல்லா விளக்கத்தோடும் ஒரு கடிதம் எழுதி உரிய இடத்துக்கு அனுப்பிவிட்டது. ஜெயரூபனுக்கு ஒன்றும் வராது, நான் பொறுப்பு. பெயர்ப் பெட்டியையும் இனிக் கட்டாயம் இல்லாமல் மாற்றிவிட்டோம், அதற்காக நான் மிகவும் போராடினேன்.

இந்த முறை வர முடியவில்லை. பிள்ளைகளின் பள்ளிக்கூடம் தொடங்கிவிட்டது. மார்கழியில் பார்ப்போம். அம்மாவுக்கு ஏதாவது சொல்லிச் சமாளி. உங்கள் எல்லோருடைய நலத்துக்கும் வேண்டுகிறேன்.

என்றும் அன்புடன்,
அக்கா


சண்டிலிப்பாய்,
29.09.2025

ஆரபி அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் நோவு கூடியிருக்கிறது. உங்கள் வீட்டில் எல்லோரும் சுகமாயிருப்பீர்கள்.

இவரை விட்டுவிட்டார்கள். நீங்கள் சொன்னபடியே உங்கள் நிறுவனத்தின் கடிதம் வந்தது, விசாரணையை முடித்துக் கைப்பேசியையும் கொடுத்தார்கள். இவர் அன்று பின்னேரமே மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்குப் போனார். நான் குசினிக்குள் அடுப்படியில் இருந்து அழுதேன். உங்களைத் திட்டியதெல்லாம் அதிகப்படி என்று நினைத்தேன், மன்னிப்புக் கேட்டு எழுத இருந்தேன்.

மறுநாள் என்னைக் கூப்பிட்டார்கள்.

கதிரை தந்து இருத்தி, மரியாதையாகத்தான் கேட்டார்கள். தமிழ் தெரிந்த ஓர் அதிகாரி உங்கள் நிறுவனத்தின் கடிதத்தை எனக்கு வாசித்துக் காட்டினார். கருவியில் பிழை இல்லையாம். ஊரில் பதிவதற்கு வைத்த பெண் வேண்டுமென்றே பொய்த் தகவல் போட்டு எல்லோரையும் ஏமாற்றிவிட்டாளாம். அந்தப் பெண்ணின் முழுப்பெயரும் விலாசமும் எழுதியிருந்தது. பொய் என்பதற்குச் சாட்சியாக, அவளே எழுதிய கடிதங்களிலிருந்து சில பகுதிகளை இணைத்திருந்தார்கள்.

அவர் வாசித்தார். நாங்கள் இங்கே தண்ணீருக்காகச் சண்டை சமைக்கிறோம், உப்பு மட்டும் கிணற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறோம். நீங்கள் சிரிக்க வேண்டும் என்று நான் எழுதிய வரி. அந்த அறையில் ஒருவரும் சிரிக்கவில்லை. உண்மையை எழுதினால் இலை ஆடுகிறது என்ற வரியை இணைக்கவில்லை. பொய்யை எழுதினால் தண்ணீர் வருகிறது என்ற பாதியை மட்டும் இணைத்திருந்தார்கள். மூன்று தரம் நான் கேட்ட கேள்வி எந்தப் பகுதியிலும் இல்லை.

பாதுகாப்புத் தரப்புக்குப் பொய்த் தகவல் கொடுத்த குற்றம் என்றார்கள். வழக்குப் போடுவதா என்று யோசிக்கிறார்களாம். முன்பள்ளிக்கு அறிவித்துவிட்டார்கள், இனி என்னை வர வேண்டாம் என்று சொல்லியிருக்கிறது. சந்தித் தாங்கி வற்றிக் கிடக்கிறது. கனகாம்பிகை அக்கா தன் வீட்டுக்கு வாங்கும் தண்ணீரில் ஒரு பிளாஸ்டிக் கானை நிரப்பி எங்கள் படலையடியில் வைத்துவிட்டுப் போகிறா.

நான் ஒன்றையும் மறைக்கவில்லை. “ஓம், நான்தான் போட்டனான். ஊருக்குத் தண்ணி வேணும், அதுக்குத்தான் போட்டனான்” என்றேன். அவர் எழுதிக்கொண்டார்.

பிறகு அந்தத் தாள்களை என் பக்கம் திருப்பிக் காட்டினார். என் பெயர் எல்லாவற்றின் கீழும் இருந்தது. மேலே, அன்பின் என்ற சொல்லுக்குப் பக்கத்தில், நான் யாருக்கு எழுதினேனோ அந்த இடமெல்லாம் கறுப்பாக அழித்திருந்தது. ஒரு தாளில்கூட விடுபடவில்லை, கவனமாகத்தான் செய்திருக்கிறீர்கள்.

“இதெல்லாம் ஆருக்கு எழுதினனீங்கள்?” என்று கேட்டார்.

ஊராரில் ஒருவரின் பெயரைக்கூட நான் அந்தப் பெட்டியில் போடவில்லை அக்கா. கனகாம்பிகை அக்காவின் பெயரைப் போடவில்லை, ஏரம்பண்ணையின் பெயரைப் போடவில்லை. யார் கேட்டாலும் என் பெயரைச் சொல்லாதே என்று நீங்கள் எழுதியதும் எனக்கு ஞாபகம் இருந்தது. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்கள், வேண்டாம் என்றேன். அந்தக் கறுப்பின் மேல் விரலை வைத்தேன்.

“என்ரை அக்காவுக்கு” என்று சொன்னேன். தியாகலிங்கம் ஆரபி என்று முழுப்பெயரையும் சொன்னேன், ஜெனீவா விலாசத்தைச் சொன்னேன், அந்தத் திரையைச் செய்தது அவதான் என்றும் சொன்னேன். அவர் எழுத்துக்கூட்டிக் கேட்டார், சரியாகச் சொல்லிக் கொடுத்தேன். வெளியே வந்தபோது பயம் ஒன்றும் இருக்கவில்லை. வெட்கமும் இருக்கவில்லை.

மார்கழியில் எந்தத் திகதிக்கு வருகிறீர்கள் என்று அம்மா கேட்கிறா. அவர்களும் கேட்டார்கள். எழுதுங்கள், இரண்டு இடத்துக்கும் சொல்லிவிடுகிறேன்.

இப்படிக்கு,
தர்சிகா ஜெயரூபன்